படகுக்கு ஏற்ற வண்டி

மெல்போர்னின் தென்கிழக்குப் புறநகர்களில், கடல் கண்ணிலேயே படாத தெருக்களில்கூட, பல வீட்டு வாசல்களில் படகு நிற்கிறது. கராஜை ஒட்டி, தார்ப்பாய் போர்த்தி, இரண்டு சக்கர ட்ரெய்லரின் மேல். நம் கடற்கரை ஊர்களில் படகு ஏறிக் கிடக்கும் மணலுக்குக் கூப்பிடு தூரத்தில் மீனவர் வீடு இருக்கும். இங்கே வீடு ஒரு பக்கம், தண்ணீர் இன்னொரு பக்கம். நடுவே நூறு, இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலை. வெள்ளிக்கிழமை மாலையானால் இந்தப் படகுகள் கார்களின் பின்னால் கோத்துக்கொண்டு கிழக்கு நோக்கிக் கிளம்பிவிடுகின்றன.

அப்படி ஒரு படகை இழுத்துக்கொண்டு போகும் காரில் உட்கார்ந்து பெய்ன்ஸ்வில்வரை போய்வந்தேன். விக்டோரியா மாநிலத்தின் கிழக்கில், கிப்ஸ்லாந்து ஏரிகளின் கரையில் இருக்கும் சிற்றூர் அது. மெல்போர்னிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அழைத்துப் போனவர் பருத்தித்துறைக்காரர். மெல்போர்னின் புறநகரான டாண்டினோங்கில் குடியேறி நெடுங்காலம் ஆகிறது. நாலரை மீட்டர் நீள அலுமினியப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். படகை வாங்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்ததாம். அதை இழுக்கும் காரைத் தேர்ந்தெடுக்கத்தான் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார்.

"இழுக்கிறதுக்கு எந்தக் காரும் இழுக்கும் அண்ணை. நிப்பாட்டுறதுக்குத்தான் நல்ல கார் வேணும்" என்றார், புறப்படுவதற்கு முன் டயரில் காற்றுப் பார்த்தபடி. பயணம் முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் சாலை உரை எழுதிக்கொண்டே வந்தது.

அவர் முதலில் செய்த காரியம் எடை மேடைக்குப் போனது. விற்றவர் தந்த தாளில் படகின் எடை 350 கிலோ என்று இருந்தது. அது வெறும் உடலின் எடை. 60 குதிரைத்திறன் மோட்டார் 115 கிலோவுக்கு அருகில் வரும். துத்தநாகம் பூசிய இரும்பு ட்ரெய்லர் 300 கிலோ. தொட்டி நிறைய 70 லிட்டர் பெட்ரோல் 50 கிலோவைத் தாண்டும். இவற்றோடு பேட்டரி, நங்கூரம், சங்கிலி, உயிர்காப்பு அங்கிகள், தூண்டில் சாமான், ஐஸ் பெட்டி. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, கடனாகக் கேட்டு வாங்கிய வண்டியில் இழுத்துப்போய் நிறுத்தினால், மேடை காட்டியது 930 கிலோ. தாளை நம்பியிருந்தால் கணக்கு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கோடு நின்றிருக்கும்.

இந்த 930 என்ற எண்ணுக்குச் சட்டத்தில் ஒரு பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவில் ட்ரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவுக்குள் இருந்தால் அதற்குத் தனி பிரேக் தேவையில்லை. அதைத் தாண்டினால் ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களிலாவது பிரேக் இருக்க வேண்டும். 2,000 கிலோவையும் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக், கூடவே ட்ரெய்லர் கழன்று ஓடினால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு. கார்களுக்கும் இதே போல இரண்டு எண்கள்: பிரேக் உள்ள ட்ரெய்லரை இவ்வளவு இழுக்கலாம், பிரேக் இல்லாததை இவ்வளவுதான். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதல் எண்ணை.

அடுத்து காரைத் தேடினார். பழைய கார் விற்கும் ஓரிடத்தில் டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட் இரண்டு அருகருகே நின்றனவாம். ஒரே நிறம், ஒரே வடிவம், விலையில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். "ரெண்டும் ஒண்டுதான் எண்டு கடைக்காரர் சொன்னவர்" என்றார் நண்பர். இரண்டும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் விற்ற ஐந்தாம் தலைமுறை ராவ்4 ஹைப்ரிட்டில், முன்சக்கரம் மட்டும் ஓட்டும் வகை இழுக்கக்கூடியது 480 கிலோ. நாலு சக்கரமும் ஓட்டும் வகை 1,500 கிலோ. பின்பக்கத்துக்கென்று தனி மின்மோட்டார் அதில் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு கார்களுக்கிடையே மூன்று மடங்கு வித்தியாசம். கையேட்டைப் புரட்டாமல் குறைந்த விலைக் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தால், தன் வரம்பைப்போல இரண்டு மடங்கு எடையை அது இழுத்திருக்கும். இழுத்துமிருக்கும், அதுதான் ஆபத்து.

பலர் இந்தக் கட்டத்தில் யூட் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். பின்னால் திறந்த தட்டுள்ள பெரிய வண்டிகள். 2016 முதல் 2022 வரை ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் மிக அதிகம் விற்றது டொயோட்டா ஹைலக்ஸ். 2023-இல் அந்த இடத்தை ஃபோர்டு ரேஞ்சர் பிடித்தது. இவற்றின் பல வகைகள் 3,500 கிலோ இழுக்கும் என்று பொறித்து வருகின்றன. அந்த எண்ணுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று மொத்த எடைக்குத் தனி வரம்பு இருக்கிறது. 3,500 கிலோவைப் பின்னால் மாட்டினால், முன்னால் குடும்பத்தையும் சாமானையும் ஏற்ற மிஞ்சுவது கொஞ்சம்தான். 930 கிலோ படகுக்கு அவ்வளவு பெரிய வண்டி எதற்கு? படகு வெளியே போவது ஆண்டில் சில வார இறுதிகள். கார் தினமும் வேலைக்குப் போக வேண்டும். மின்காரையும் யோசித்திருக்கிறார். படகு பின்னால் இருந்தால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் வெகுவாகக் குறைகிறது. சார்ஜ் போடும் இடங்களில் பெரும்பாலும் மூக்கை நுழைத்து நிறுத்தும்படிதான் வசதி. ஒவ்வொரு முறையும் ட்ரெய்லரைக் கழற்றி எங்கேயாவது ஓரங்கட்ட வேண்டும். கடைசியில் வாங்கியது அந்த 1,500 கிலோ ராவ்4. காரின் சொந்த எடை படகைவிட நன்றாகவே அதிகம். இழுக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்குக்குள் வேலை முடிந்துவிடுகிறது. இந்த இரண்டும்தான் அவர் வைத்துக்கொண்ட அளவுகோல்.

காரின் எண் சரியாக இருந்தால் போதாது. ட்ரெய்லரை மாட்டப் பின்னால் பொருத்தும் டோ பாருக்குத் தனித் தகடு, அதில் தனி எண். ட்ரெய்லரின் தகட்டில் இன்னோர் எண். கொக்கி, டயர், சங்கிலியை மாட்டும் வளையம், ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இவற்றில் எது ஆகக் குறைவோ அதுதான் உண்மையான எல்லை.

விடிவதற்குள் கிளம்பினோம். பேக்கன்ஹாம் தாண்டியதும் வீடுகள் அற்றுப்போய், பசுமாடு மேயும் பச்சைச் சரிவுகள் தொடங்கின. 1920-இல் வேல்ஸ் இளவரசர் வந்து போனதன் நினைவாகப் பெயர் வைத்த பிரின்சஸ் நெடுஞ்சாலை இது. பல இடங்களில் 110 கிலோமீட்டர் வேகம் அனுமதி. விக்டோரியாவில் ட்ரெய்லர் இழுக்கும் காருக்கென்று தனியாகக் குறைந்த வேக வரம்பு கிடையாது. நண்பர் 90-ஐத் தாண்டவில்லை. வண்டியின் வேகம் 80-இலிருந்து 100 ஆனால் நிறுத்துவதற்குச் செரிக்க வேண்டிய ஆற்றல் 56 விழுக்காடு கூடுகிறது. படகு பின்னால் இருக்கும்போது அந்தப் பாரத்தைக் காரின் பிரேக் தனியாகச் சுமக்கக் கூடாது என்பதற்காகத்தான் ட்ரெய்லர் பிரேக்.

பின் இருக்கையில் இருந்த அவருடைய மகனுக்கு ஓட்ட ஆசை. காரில் சிவப்பு 'பி' பலகை ஒட்டி ஓட்டும் புது உரிமக்காரர். இந்த மாநிலத்தில் அந்த நிலையில் இருப்பவர்கள், வேலை நிமித்தம் போன்ற விலக்குகள் தவிர, ட்ரெய்லர் இழுக்க அனுமதியில்லை. "அடுத்த வருசம் பாப்பம்" என்று அப்பா பேச்சை முடித்தார்.

நாங்கள் 90-இல் போனதால் லாரிகள் எங்களை முந்திச் சென்றன. இரட்டை ட்ரெய்லர் லாரி ஒன்று கடந்தபோது, அது தள்ளிய காற்று முதலில் படகின் பின்புறத்தை வெளியே தள்ளியது. லாரியின் நடுப்பகுதி வந்ததும் உள்ளே இழுத்தது. கார் லேசாக ஒரு முறை இடுப்பை அசைத்து நேரானது. "இது ஒண்டுமில்லை. முதல் இருந்த மாதிரி எண்டா இப்ப ஆடிக்கொண்டே இருக்கும்" என்றார்.

முதலில் இருந்தது என்ன? படகு ட்ரெய்லரின் இயல்பான கோளாறு அது. மோட்டார் பின்முனையில் தொங்குகிறது. பெட்ரோல் தொட்டியும் பேட்டரியும் பெரும்பாலும் பின்னால்தான். எடை அச்சுக்குப் பின்னே சாய்ந்துவிட்டால் கொக்கியின் மேல் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த ட்ரெய்லர் வேகம் கூடும்போது வாலாட்டத் தொடங்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அமர வேண்டும் என்பது பொது விதி; படகுகளில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பதுண்டு. குளியலறை எடைக் கருவியை வைத்து நண்பர் அளந்தபோது 45 கிலோதான் காட்டியதாம். படகின் மூக்கைத் தாங்கும் வின்ச் கம்பத்தை முன்னால் நகர்த்தி, படகையும் முன்னே இழுத்துக் கட்டிய பின் 80 ஆனது. இந்த 80 கிலோவும் காரின் சுமையில் சேரும். நாலு பேரும் மூட்டை முடிச்சும் ஏறும்போது அதைக் கழித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

ஆட்டம் வந்துவிட்டால்? ஓட்டுகிறவர் கை ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பத் துடிக்கும், கால் பிரேக்கைத் தேடும். இரண்டும் ஆட்டத்தைப் பெருக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி தானாக வேகம் குறையவிட வேண்டும். இரண்டு அச்சுக்கும் இடையே தூரம் அதிகமாகவும், பின் அச்சுக்கும் கொக்கிக்கும் இடையே தூரம் குறைவாகவும் உள்ள கார் இந்த நேரத்தில் கைகொடுக்கும். கடையில் யாரும் சொல்லாத அளவு இது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்கலாம்.

வாரகுல் ஊரில் தேநீருக்கு நிறுத்தினோம். பேக்கரிக்குள் போவதற்கு முன் நண்பர் ட்ரெய்லர் சக்கரத்தின் நடுக்குமிழில் புறங்கையை வைத்துப் பார்த்தார். என்னையும் வைக்கச் சொன்னார். இளஞ்சூடு. "கை வைக்க ஏலாத சூடு எண்டா பேரிங் போகப்போகுது எண்டு அர்த்தம்." இங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் படகோடு நிற்கும் வண்டிகளில் பல, பேரிங் போனவை. சக்கரம் ஓடிச் சூடேறிய நிலையில் நேராகத் தண்ணீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, துரு ஏறி, அடுத்த பயணத்தில் சக்கரம் தகராறு செய்யும்.

மோயி தாண்டியதும் ஹான்டட் ஹில்ஸ் என்ற குன்றுகள். ஏற்றத்தில் ராவ்4 கொஞ்சம் முனகியது; ஆனால் ஏறியது. இறக்கத்தில்தான் அதைத் தேர்ந்தெடுத்த காரணம் விளங்கியது. நண்பர் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு மாறி, பிரேக்கை விட்டுவிட்டுத் தொட்டார். ஒவ்வொரு முறை கார் தயங்கும்போதும் ட்ரெய்லர் கொக்கியை முன்னே தள்ளுகிறது; அந்தத் தள்ளலே நெம்புகோலை அழுத்தி ட்ரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. மின்சாரம் இல்லை, கணினி இல்லை. தள்ளும் பாரமே தன்னை நிறுத்திக்கொள்கிறது. இந்த ஏற்பாடு 2,000 கிலோவரைதான் செல்லுபடியாகும். அதை நம்பி லேசான காரை எடுத்துவிடவும் கூடாது: ட்ரெய்லர் தள்ளும் அந்த முதல் கணத்தில் காரின் பின்பகுதி தடுமாறாமல் நிற்க, காருக்குச் சொந்த எடை வேண்டும்.

இறக்கத்தின் கீழே மோர்வெல். பழுப்பு நிலக்கரியால் விக்டோரியாவுக்கு மின்சாரம் தந்த பள்ளத்தாக்கு. ஹேசல்வுட் மின்நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் எட்டுப் புகைபோக்கிகளை 2020 மே மாதம் வெடிவைத்துச் சாய்த்தார்கள். ட்ரரால்கனுக்குத் தெற்கே லோய் யாங் நிலையத்தின் புகை இன்னும் எழுகிறது.

சேல் ஊர் வந்தபோது நண்பர் ஒரு தகவல் சொன்னார். இது முன்பு துறைமுக ஊராம். ஏரிகள் வழியாக நீராவிக் கப்பல்கள் கால்வாயில் புகுந்து ஊருக்குள்ளேயே வந்து நின்றிருக்கின்றன. அவை கடந்து போகத் திறந்து வழிவிட 1883-இல் கட்டிய சுழல் பாலம் ஊருக்கு வெளியே இன்னும் நிற்கிறது. அன்றைக்குப் படகே ஆட்களையும் சாமானையும் சுமந்துகொண்டு வந்தது. இப்போது படகைச் சுமக்க ஒரு வண்டி.

சேலைத் தாண்டினால் பெரும்பகுதி இருவழிச் சாலை. காரும் ட்ரெய்லரும் சேர்ந்து பத்து மீட்டருக்கு மேல் போவதால், சட்டப்படி எங்கள் வண்டி நீள வண்டிக் கணக்கில் வருகிறது. ஊருக்கு வெளியே இன்னொரு நீள வண்டியின் பின்னால் போனால், முந்தும் நேரம் தவிர, 60 மீட்டராவது இடைவெளி விட வேண்டும். பின்னால் கார்கள் சேர்ந்தபோது நண்பர் ஒதுங்கும் தடம் பார்த்து வழிவிட்டார். இழுத்துப் பிடித்துப் போகிறவருக்கு அவசரம் உதவாது. பின்னால் வருகிறவரின் அவசரமும் நம் பொறுப்பே.

பெர்ன்ஸ்டேலில் திரும்பி, நண்பகலுக்கு முன் பெய்ன்ஸ்வில் சேர்ந்தோம். எதிரே ரேமண்ட் தீவு. சங்கிலியைப் பிடித்து ஓடும் படகு கார்களையும் ஆட்களையும் ஏற்றிப் போய்வருகிறது. 1953-இல் கொண்டுவந்துவிட்ட கோலாக்கள் அங்கே யூக்கலிப்டஸ் கிளைகளில் பெருகியிருக்கின்றன. லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்ற இடத்தில் மணல்மேட்டை வெட்டி 1889-இல் கடலுக்கு நிரந்தர வழி திறந்தார்கள். அன்றிலிருந்து கடல்நீர் உள்ளே வந்துபோய் இந்த ஏரிகளில் உப்பு கூடிவிட்டது. புருனான் என்று 2011-இல் தனி இனமாக விவரித்த டால்ஃபின்களும் இங்கே வாழ்கின்றன. ட்ரெய்லருக்குத் துத்தநாகம் பூசுவதும், திரும்பும்போது நல்ல தண்ணீரில் கழுவுவதும் ஏரி நீரின் உப்புக்காகத்தான்.

படகு இறக்கும் சரிவை இங்கே எல்லோரும் ராம்ப் என்றே சொல்கிறார்கள். விக்டோரியாவின் பொது ராம்புகளில் இறக்கக் கட்டணம் இல்லை. நண்பர் சற்றுத் தள்ளி நிறுத்தி, பேரிங் ஆறும்வரை மற்ற வேலைகளைப் பார்த்தார். விளக்கின் பிளக்கைக் கழற்றினார். பின்பட்டைகளை அவிழ்த்தார். படகின் அடிமூடியைத் திருகினார். உயிர்காப்பு அங்கிகளை எடுத்து வைத்தார்; 4.8 மீட்டர்வரை உள்ள மோட்டார் படகில் ஓடும்போது எல்லோரும் அங்கி அணிவது கட்டாயம். மூக்குச் சங்கிலியை மட்டும் கடைசிவரை விடவில்லை.

நீரில் இறக்குவது சுலபம். திரும்ப ஏற்றுவதில்தான் வண்டியின் சாயம் வெளுக்கும். மாலையில் கரைக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம், முன்சக்கரம் ஓட்டும் காரில், படகை ஏற்றிவிட்டு மேலே வரப் பார்த்தது. சரிவில் எடை பின்னால் சாய்கிறது. கொக்கியின் அழுத்தமும் பின்பக்கத்தை அமுக்கி முன்பக்கத்தைத் தூக்குகிறது. ஓட்ட வேண்டிய சக்கரங்கள்தான் இலேசாகிப்போகின்றன. கீழே பாசி. முன்டயர்கள் சுற்றிச் சுற்றி ரப்பர் வாடை வந்ததே தவிர கார் அரையடி நகரவில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் தண்ணீர்ப் பக்கமாகக் கொஞ்சம் சறுக்கியது. யூட் வைத்திருந்த ஒருவர் மேலிருந்து பட்டைக் கயிறு போட்டு இழுத்துவிட்டார். எங்கள் முறை வந்தது. பின்சக்கர மின்மோட்டார் சத்தமில்லாமல் தள்ள, ராவ்4 ஒரே மூச்சில் மேலே வந்து நின்றது. நெடுஞ்சாலையில் மூன்றரை மணி நேரம் இரண்டு கார்களும் ஒன்றுபோல ஓடியிருக்கும். இந்தப் பதினைந்து மீட்டர் சரிவில்தான் வேறுபாடு.

பெட்ரோல் செலவு வழக்கத்தைவிட ஏறத்தாழ இரட்டிப்பு ஆனது. அதைப் பற்றி நண்பருக்கு வருத்தமில்லை. பிடித்த பிரீம் மீன்களில் சட்ட அளவுக்குக் குறைவானவற்றைத் திரும்ப விட்டதில்தான் மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளையோ உறவினரோ சின்னப் படகு ஒன்று வாங்கப் போகிறேன் என்றால், குதிரைத்திறனைப் பற்றிக் கேட்காதீர்கள். எல்லாம் ஏற்றிய நிலையில் படகும் ட்ரெய்லரும் எத்தனை கிலோ என்று கேளுங்கள். அதைவிடக் கார் கனமா, அந்தக் குறிப்பிட்ட வகைக் காரின் கையேடு எவ்வளவு அனுமதிக்கிறது, ட்ரெய்லருக்குப் பிரேக் இருக்கிறதா, கொக்கியில் எத்தனை கிலோ அமர்கிறது, ஈரச் சரிவில் எந்தச் சக்கரம் தள்ளும் என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் கார் கடைக்குப் போவதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். முதலில் எடை மேடை, பிறகுதான் கடை.